டெலஸ்கோப்புக்கு அளவெடுத்த விவரம்

ஆவூர் மாதா துணை

அறந்தாங்கி,
ஞாயிறு, பூசை முடிந்து வந்து எழுதுவது.

என்றும் பாசத்துக்குரிய மாப்பிள்ளை லியோன் அவர்களுக்கு, உங்கள் அக்காள் அருளம்மாளின் கணவன், லேடீஸ் டெய்லர் மரியசூசை எழுதுவது. இங்கே நானும் உங்கள் அக்காவும் கடையின் இரண்டு தையல் மிஷின்களும் மாதாவின் புண்ணியத்தில் சுகம். அங்கே தோஹாவில் உங்கள் சுகத்துக்கும், உங்களோடு ஒரே அறையில் படுத்திருக்கும் ஐந்து பேரின் சுகத்துக்கும், நீங்கள் ரிப்பேர் பார்க்கும் ஏசிகளின் சுகத்துக்கும் தினம் ஜெபிக்கிறோம். இந்தக் காலத்தில் யாராவது கடிதம் எழுதுவார்களா என்று நினைப்பீர்கள். போனில் சொன்னால் இரண்டாவது வாக்கியத்திலேயே கத்துவீர்கள், நானும் பயத்தில் வைத்துவிடுவேன். அதனால்தான் வெள்ளிக்கிழமை பயணம் கிளம்புகிற நம் தெரு நாகராசு கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, உட்கார்ந்து படியுங்கள்.

விஷயம் இதுதான். உங்கள் கண்ணாடியை நான் எடுத்துவிட்டேன்.

மூக்குக்கண்ணாடி அல்ல. டெலஸ்கோப் செய்வதற்காக மூன்று வருடத்துக்கு முன்னால் வாங்கி, அக்காவின் பீரோவில் கல்யாணப் பட்டுக்கு நடுவே சுற்றி வைத்து, “அத்தான், வீடு தீப்பிடிச்சாலும் இத மட்டும் தொடாதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனீர்களே, அந்த ஆறு இன்ச் குழிக் கண்ணாடி. கூடவே இருந்த சின்னக் கண்ணாடிகள் இரண்டையும், கண் வைத்துப் பார்க்கிற லென்ஸையும் எடுத்தேன். வீடு தீப்பிடிக்கவில்லை. ஆனால் கிட்டத்தட்ட அந்த நிலைமைதான்.

உங்கள் வீட்டுக்காரி ஏஞ்சல் தங்கச்சி கோபித்துக்கொண்டு ஆவூரில் அம்மா வீட்டுக்குப் போனாள். அன்றிலிருந்து நீங்கள் கூப்பிட்டும் எடுக்கவில்லை என்பது உங்களுக்கே தெரியும். போகிற அன்று, தைக்கக் கொடுத்திருந்த ப்ளவுஸை வாங்க என் கடைக்கு வந்தாள். ஒரு கையில் பெட்டி. முகம் கஞ்சி போட்ட துணி மாதிரி விறைத்திருந்தது.

“அண்ணே, ஒங்க மாப்பிள்ளை கம்ப்யூட்டருக்குள்ள பதினேழு டெலஸ்கோப் செஞ்சுட்டாரு. ஒண்ணுலயும் கண்ணு வைக்க எடமில்ல. நான் ஊருக்குப் போறேன்” என்றாள்.

“எப்ப தங்கச்சி வருவ?”

“பதினெட்டாவது முடிஞ்சதும் சொல்லி விடுங்க.”

அவ்வளவுதான், போய்விட்டாள். கல்யாணமான வாரத்தில் மொட்டை மாடியில் நின்று, நிலாவின் மலைகளைக் காட்டுகிறேன் என்று நீங்கள் அவளிடம் சொன்னதை உங்கள் அக்காதான் என்னிடம் சொன்னாள். மூன்று லீவுக்கு வந்தீர்கள். மூன்று லீவிலும் லேப்டாப்பில் கோடு இழுத்தீர்கள். போன லீவில் முப்பது நாளில் இருபத்திரண்டு நாள் என்று அக்கா காலண்டரில் கணக்குப் பார்த்து வைத்திருக்கிறாள். நான் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை, மாப்பிள்ளை. ஆறு பேர் படுக்கிற அறையில், உங்களுக்கென்று இருந்த ஒரே இடம் அந்த லேப்டாப்புக்குள்தான் என்று இப்போது எனக்குப் புரிகிறது. அதற்குள் ஒரு வீடு கட்டுகிற மாதிரி டெலஸ்கோப்பைக் கட்டிக் கட்டி இடித்திருக்கிறீர்கள். ஆனால் அந்த வீட்டில் ஒரு ஆள்தான் நிற்க முடிந்தது.

சரி, நாமே செய்து முடித்துவிட்டால் தங்கச்சி திரும்பி வருவாள் என்று நான் முடிவு செய்தேன். நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த பதினேழாவது டிசைனை ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்தால், நாற்பத்து மூன்று பக்கம் வந்தது. அதை நம் பிளம்பர் கண்ணனிடம் காட்டினேன். அவன் முதல் பக்கத்தைப் பார்த்தான், கடைசிப் பக்கத்தைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். “அண்ணே, இத எங்கிட்டு இருந்து பாக்கணும்? இது ராக்கெட்டா?” என்றான். எனக்கும் அதே சந்தேகம்தான். முப்பத்தெட்டு வருடமாகத் தைக்கிறேன். உடம்பைப் பார்க்காமல், புத்தகத்தைப் பார்த்து வெட்டிய ப்ளவுஸ் எதுவும் இதுவரை உடம்பில் ஏறியதில்லை. எனவே எனக்குத் தெரிந்த வழியில் போவோம், முதலில் அளவெடுப்போம், அப்புறம் பிரவுன் பேப்பரில் நிஜ அளவிலேயே வரைவோம், அப்புறம் வெட்டுவோம் என்று நினைத்தேன். அக்கா நவநாளுக்குக் கோயிலுக்குப் போன நேரத்தில் பீரோவைத் திறந்தேன்.

இந்தக் கண்ணாடி வெளிச்சத்தை எவ்வளவு தூரத்தில் ஒரு புள்ளியாகச் சேர்க்கிறதோ, அந்தத் தூரம்தான் எல்லாவற்றுக்கும் ஆதாரம் என்று நீங்கள் சாப்பிடும்போதெல்லாம் சொல்வீர்கள். சோறு உங்கள் வாய்க்குள் போனதோ இல்லையோ, அது என் காதுக்குள் போயிருந்தது. பெட்டியில் ஆயிரத்து இருநூறு மில்லிமீட்டர் என்று எழுதியிருந்தது. எழுதியிருப்பதை நம்பி நான் எந்தத் துணியையும் வெட்டுவதில்லை. மத்தியானம் கடை வாசலில் கண்ணாடியை வெயிலுக்குக் காட்டி, வெளிச்சப் புள்ளி எங்கே விழுகிறது என்று டேப்பை வைத்து அளக்கப் போனேன். புள்ளி முதலில் கதவில் விழுந்தது. கொஞ்சம் திருப்பினேன். எங்கேயோ காணாமல் போயிற்று. தேடிக்கொண்டே இருந்தபோது தீய்ந்த வாசனை வந்தது. திரும்பிப் பார்த்தால், ஹேங்கரில் தொங்கிய சின்னப்பிள்ளை டீச்சரின் கருநீலப் பட்டு ப்ளவுஸிலிருந்து புகை வருகிறது. மருமகள் வளைகாப்புக்குப் போடுவதற்கென்று தைக்கக் கொடுத்தது. முதுகில், சரியாக நடுவில், ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஓட்டை. தண்ணீரை ஊற்றி அணைத்தேன். ஆனால் மாப்பிள்ளை, புள்ளி எங்கே விழுகிறது என்பது அந்த நிமிடத்தில் தெளிவாகத் தெரிந்துவிட்டது. கண்ணாடியை முன்பு பிடித்த அதே இடத்தில் பிடித்துக்கொண்டு ஓட்டை வரைக்கும் டேப்பை இழுத்தேன். நாற்பத்தாறரை இன்ச். அப்புறம் வெறும் சுவரில் இரண்டு தடவை பார்த்தேன். அதே நாற்பத்தாறரைதான். நீங்கள் பெட்டியை நம்பி நாற்பத்தேழேகால் போட்டிருக்கிறீர்கள். பதினேழு டிசைனிலும் அதே எண். முதல் பட்டனைத் தப்பாகப் போட்டால் கடைசிப் பட்டன் வரைக்கும் தப்பாகத்தான் போகும். மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள், எல்லோருக்கும் வருவதுதான்.

அடுத்த ஞாயிறு கடையைச் சாத்தி, மிஷின்களை ஓரம் கட்டி, தரையில் ஏழு அடி நீளத்துக்கு பிரவுன் பேப்பரை ஒட்டினேன். நடுவே ஒரு நேர்கோடு. ஒரு முனையில் கண்ணாடியையே கவிழ்த்து வைத்து ஆறு இன்ச் அகலத்தைக் குறித்தேன். அதன் அடியில் வெல்வெட் துணி விரித்திருந்தேன், பயப்படாதீர்கள். அங்கிருந்து நாற்பத்தாறரையில் ஒரு புள்ளி. கண் லென்ஸின் அடிவாயை அளந்தால் முக்கால் இன்ச். அந்த அகலத்தை அங்கே குறித்தேன். இரண்டு பக்கமும் ஓரத்தை ஓரத்தோடு சேர்த்துக் கோடு இழுத்தேன். பூசை முடிந்து வந்த உங்கள் அக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“யாருக்குங்க இம்புட்டு நீளத்துல ஒரு கை?”

அவள் கேட்ட பிறகுதான் நானே பார்த்தேன். கைதான்! தோளில் ஆறு இன்ச், மணிக்கட்டில் முக்கால் இன்ச். வெளிச்சம் போட்டுக்கொள்ளப் போகிற முழுக்கைச் சட்டை. எனக்கு இருந்த பயமெல்லாம் அந்த நொடியே போய்விட்டது. கை வெட்டத் தெரியாதவனா நான்? வாங்கப் போகிற எட்டு இன்ச் குழாயில் பாதி அகலம் நாலு இன்ச், வெளியே லென்ஸ் ஏறி இறங்க மூணு இன்ச், ஆக ஏழு. மணிக்கட்டிலிருந்து ஏழு இன்ச் பின்னால் வந்து சாய்வாக ஒரு கோடு போட்டேன். சின்னக் கண்ணாடி சாய்ந்து நிற்கிற இடம் அது. அந்தச் சாய்வுக் கோட்டில் பேப்பரைப் பிடித்து, காலர் மடிக்கிற மாதிரி மடித்தேன். மணிக்கட்டு அப்படியே பக்கவாட்டில் திரும்பி, குழாய்க்கு வெளியே வந்து உட்கார்ந்தது. கண் வைக்கிற இடம் அதுதான் என்று பேப்பரே சொல்லிவிட்டது. சாய்வுக் கோடு இருக்கும் இடத்தில் கையின் அகலத்தை அளந்தேன், ஒன்றரை இன்ச். ஒன்றரை வைப்பதா, இரண்டு வைப்பதா என்று இரண்டு சின்னக் கண்ணாடியையும் வாங்கி வைத்து ஒரு வருடம் யோசித்தீர்களே, ஒன்றரையே போதும்.

அக்காவுக்குக் கண்ணாடி எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் உறைத்தது. அதற்கப்புறம் அவள் பேசியதை இங்கே எழுதவில்லை. கடைசியில், “ஏஞ்சலு திரும்பி வரலைன்னா ரெண்டு பேரும் ஒங்களத்தான் கேப்பாக, பாத்துக்கங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு, பேப்பரின் மறுமுனை சுருளாமல் இருக்க அம்மிக் குழவியைக் கொண்டுவந்து வைத்தாள்.

எட்டு இன்ச் பிவிசி குழாய் அறந்தாங்கியில் கிடைக்கவில்லை. புதுக்கோட்டையில் வாங்கி பஸ்ஸில் ஏற்றினேன். கண்டக்டர், “என்ன பெரியவரே, போர்வெல்லா?” என்றார். “இல்லப்பா, நிலா பாக்குறதுக்கு” என்றேன். அவர் என்னை நல்லபடியாகக் கடைசி சீட்டில் உட்கார வைத்து, பக்கத்தில் யாரையும் உட்கார விடாமல் ஊர் வரைக்கும் கூட்டிவந்தார்.

அடுத்து நடந்தது என் தப்பு, யார் மேலும் பழி போட மாட்டேன். வரைந்த பேப்பரை வெட்டிக் குழாயின் மேல் சுற்றி, ஓட்டை போட வேண்டிய இடத்தைக் குறித்துக் கண்ணனிடம் கொடுத்தேன். அவனும் சுத்தமாகத் துளைத்துவிட்டான். சாயங்காலம் பார்க்கும்போதுதான் தெரிந்தது, பேப்பரின் அடி ஓரத்தில் பழக்கதோஷத்தில் தையலுக்கென்று அரை இன்ச் விட்டு வெட்டியிருக்கிறேன். பிவிசி குழாயை யார் மடித்துத் தைக்கப் போகிறார்கள்? ஓட்டை அரை இன்ச் மேலே போய்விட்டது. கண்ணன்தான் ரொம்ப நேரம் குழாயைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, “அண்ணே, ஓட்டையக் கீழ எறக்க முடியாது. கண்ணாடிய மேல ஏத்த முடியும்ல?” என்றான். கண்ணாடி உட்காரும் பலகையின் மூன்று போல்ட்டிலும் வாஷர்களை அடுக்கி அரை இன்ச் தூக்கினான். அவ்வளவுதான். உங்கள் நாற்பத்து மூன்று பக்கத்தில் இது எங்கேயும் இல்லை. குழாயைத் துணிப் பட்டையில் தொங்கவிட்டு, தலையும் வாலும் சமமாக நிற்கிற இடத்தைக் கண்டுபிடித்தோம். அந்த இடத்தில் இரண்டு பக்கமும் முளை வைத்து ஒரு மரப்பெட்டியில் தாங்க வைத்தோம். பெட்டி வழுக்கிச் சுற்றுவதற்கு அடியில் நம் வீட்டுப் பழைய கேரம் போர்டு. நீங்கள் சின்ன வயதில் பெயர் கிறுக்கி வைத்த அதே போர்டுதான்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மொட்டை மாடியில் ஏற்றி, தெருக்கோடித் தண்ணீர் டேங்கைப் பார்த்தேன். தெரிந்தது, மாப்பிள்ளை! பெயிண்ட் உரிந்தது வரைக்கும் தெரிந்தது. ஆனால் டேங்க் தலைகீழாகத் தொங்கியது. ஏணியில் ஏறிய ஆள் வானத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தான். மடிப்பு தப்பாகிவிட்டது, உள்பக்கம் மடிக்க வேண்டியதை வெளிப்பக்கம் மடித்துவிட்டேன் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றி மாட்டினேன், டேங்க் தலைகீழ். சின்னக் கண்ணாடியைத் திருப்பினேன், டேங்கே இல்லை. மறுபடி திருப்பினேன், மறுபடி தலைகீழ். பேப்பரை விரித்து மூன்று நாள் மடித்துப் பார்த்தேன். நாலாம் நாள் வேறு வழியில்லாமல் ஆவூருக்குப் போன் போட்டேன். யாரிடம் மறைக்க நினைத்தேனோ அவளிடமே சொன்னேன்.

“தங்கச்சி, ஒரு தப்பு பண்ணிட்டேன். டெலஸ்கோப் ஒண்ணு செஞ்சேன். எல்லாம் தலகீழாத் தெரியுது.”

அந்தப் பக்கமிருந்து ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள். நாற்பது நாள் கழித்து அந்தப் பிள்ளை சிரிக்கிறது.

“அண்ணே! அது அப்படித்தாண்ணே தெரியும். நிலாவுக்கு ஏது மேல கீழ?”

சிரித்து முடித்ததும் குரல் மாறிவிட்டது. “எந்த அளவு போட்டீங்க? லைன் வரைஞ்சீங்களா? எதுல வரைஞ்சீங்க? போட்டோ எடுத்து அனுப்புங்க” என்றாள். அனுப்பினேன். மறுநாள் காலை கடையைத் திறக்கிறேன், பெட்டியோடு வாசலில் நிற்கிறாள். செருப்பைக் கழற்றிவிட்டு நேராகப் போய் அந்தப் பேப்பர் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். ஸ்கேலை வாங்கினாள். கோட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பேப்பரை மடித்தாள், விரித்தாள், மறுபடி மடித்தாள்.

“இத ஒங்களுக்கு யாருண்ணே சொல்லிக் குடுத்தா?”

“யாருமில்ல தங்கச்சி. கை வெட்டுற மாதிரி வெட்டுனேன்.”

அதற்கு அவள் அழுதுவிட்டாள். உங்கள் அக்கா ஓடிவந்து, “நிலா காட்டலன்னா இம்புட்டுக் கோவம்?” என்று கேட்டதற்கு அவள் சொன்ன பதிலை, மாப்பிள்ளை, ஒரு எழுத்து மாற்றாமல் எழுதுகிறேன். “நிலாவுக்காக இல்ல அண்ணி. நான் எம்எஸ்ஸி பிசிக்ஸ். பன்னெண்டாங் கிளாஸுக்கு இந்தப் பாடத்தத்தான் வருசா வருசம் போர்டுல வரையுறேன். ஒரு நாள் பக்கத்துல ஒக்காந்து, என்னங்க பண்றீங்கன்னு கேட்டேன். ஒனக்கு இதெல்லாம் புரியாதுன்னுட்டாரு.”

உங்கள் அக்கா என் முகத்தைப் பார்த்தாள். நான் டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அந்த வாக்கியத்தை நான்கூட உங்கள் அக்காவிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அதனால் உங்களுக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை.

அன்று சாயங்காலம் ஆறே முக்காலுக்கு, பாதி நிலா மேலே நின்றது. தங்கச்சி போல்ட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகிக் கண்ணாடியை நேர்ப்படுத்தினாள். முதலில் நீங்க பாருங்கண்ணே என்றாள், நான் மாட்டேன் என்றேன். அவளே குனிந்தாள். சின்னப்பிள்ளை டீச்சர் அந்த நேரம் பார்த்து, கடையில் தொங்கிய ப்ளவுஸைக் கையில் பிடித்துக்கொண்டு, “டெய்லர், இது என்ன ஓட்ட? எலி கடிச்ச மாதிரியும் இல்ல, கிழிஞ்ச மாதிரியும் இல்ல!” என்று படியேறி வந்தார். ஏஞ்சல் குனிந்த இடத்திலிருந்து நிமிரவே இல்லை. டீச்சரும் சத்தத்தைக் குறைத்து வரிசையில் நின்றுவிட்டார். பத்து நிமிடம் கழித்து நிமிர்ந்த ஏஞ்சலின் முகத்தில், கண்ணைச் சுற்றி, லென்ஸ் அழுத்திய வட்டம் பதிந்திருந்தது.

“மலை தெரியுதா?” என்றாள் உங்கள் அக்கா.

“மலையும் தெரியுது, மலையோட நெழலும் தெரியுது அண்ணி” என்றாள். அப்புறம் மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “இத மொதல்ல அவரு பாத்துருக்கணும்ணே” என்றாள்.

அக்கா பார்த்துவிட்டு, பாவம் நிலாவுக்கு அம்மை போட்டிருக்கும் போல என்றாள். டீச்சர் இரண்டு தடவை பார்த்தார். “வேற துணி எடுத்துத் தாரேன், புதுசா தச்சுக் குடுத்துருங்க” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். எனக்குக் கடைசியில்தான் முறை வந்தது. நான் பார்த்ததை எழுதத் தெரியவில்லை. முப்பத்தெட்டு வருடமாகத் துணியில் கோடு போடுகிறேன். ஒரு கோடு அவ்வளவு தூரம் போகும் என்று எனக்குத் தெரியாது.

ஆக மாப்பிள்ளை, நிலவரம் இதுதான். கண்ணாடியில் கீறல் இல்லை. டெலஸ்கோப் தயாராக, மாடிப்படிக்குக் கீழே அக்காவின் பழைய சேலை போர்த்தி நிற்கிறது. ஏஞ்சல் தங்கச்சி வீட்டில் இருக்கிறாள், பள்ளிக்கூடம் போகிறாள், கோபம் தணிந்து உங்கள் அழைப்புக்காக வாசலையும் போனையும் மாறி மாறிப் பார்க்கிறாள். பதினெட்டாவது டிசைன் ஏதும் போட்டிருந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே கூப்பிடுங்கள். பேசும்போது கண்ணாடி, இன்ச், மில்லிமீட்டர் எதையும் எடுக்காமல், தப்பு என்மேல் என்று தொடங்குங்கள். அவசரப்பட்டு லீவு போட்டுக் கிளம்பி வர வேண்டாம், இங்கே எல்லாம் அடங்கிவிட்டது, கிறிஸ்துமஸுக்கு நிதானமாக வந்தால் போதும்.

உங்கள் கையில் எடுத்த வேலைக்கும், மனதில் எடுத்த வேலைக்கும் மாதா துணை நிற்பாள். அறை நண்பர்கள் எல்லோருக்கும் எங்கள் அன்பு. வெயிலில் தலைக்குத் துணி கட்டாமல் மொட்டை மாடி ஏசியைத் தொடக் கூடாது என்று அக்கா சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
உங்கள் மன்னிப்பை எதிர்பார்க்கும் அத்தான்,
அ. மரியசூசை

பி.கு.: மேலே கடைசிக்கு முந்தைய பத்தியில் தயார், தணிந்தது, அடங்கிவிட்டது என்றெல்லாம் எழுதியிருப்பதை அடித்துவிட்டுப் படிக்கவும். கவரை ஒட்டலாம் என்று மத்தியானம் கடைக்குப் போனேன். டெலஸ்கோப் அக்குவேறு ஆணிவேறாகக் கழன்று கிடக்கிறது. தரை முழுக்கப் புது பிரவுன் பேப்பர், இந்தத் தடவை பத்தடி. ஏஞ்சல் முடியைத் தூக்கிக் கட்டி, என் தையல் சாக்பீஸை வாயில் கவ்விக்கொண்டு, எட்டு இன்ச் கண்ணாடிக்குக் கை வரைந்துகொண்டிருக்கிறாள். உங்கள் அக்கா ஒரு முனையில் டேப்பைப் பிடித்துக்கொண்டு, “இன்னும் ஒரு நூல் தள்ளு” என்று அதிகாரம் செய்கிறாள். தைக்க வேண்டிய துணி மூட்டைகள் தெருவில் கிடக்கின்றன. லியோன் கூப்பிட்டால் எடுப்பாய் அல்லவா தங்கச்சி என்று கேட்டேன். “இப்ப நேரமில்லண்ணே. ஞாயித்துக்கெழம ஏழு மணிக்கு மேல கூப்பிடச் சொல்லுங்க, அவர்ட்ட ஒரு அளவு கேக்கணும்” என்றாள். என்ன அளவு, நான் சொல்லட்டுமா என்றேன். குனிந்த தலை நிமிராமல், கோட்டை விட்டுக் கையை எடுக்காமல், “அவரு கூப்பிடட்டும், அப்புறம் யோசிச்சுக்குவோம்” என்றாள்.